அக்காவிடம் கேளுங்கள்: பொன்னாடைக்கு முன்னால் பெயர்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு சின்னச் சம்பவத்தை எழுதியிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. ஒப்பனைக் கலைஞரான ஒரு திருநங்கைக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அறிவிப்பாளர் அவருடைய பழைய ஆண் பெயரை மைக்கில் சொல்லி, 'இப்படிப் பிறந்தவர் இன்று எப்படி உயர்ந்து நிற்கிறார் பாருங்கள்' என்று முடித்தார். மேடையை விட்டு இறங்கியவர் சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை, பொன்னாடையை மடித்து நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கடிதம், மின்னஞ்சல், நடுராத்திரியில் வந்த வாட்ஸ்அப் குரல்பதிவு என்று எல்லாவற்றையும் கேட்டேன், படித்தேன். ஆகவே இந்த மாதம் முழுப் பகுதியும் அதற்கே. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். யாருடைய பெயரையும் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த்: அக்கா, நான் இங்கே ஒரு தமிழர் மன்றத்தின் செயலாளர். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விழாவில் சமூகத்துக்கு உழைத்த 7 பேருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுப்போம். இந்த வருஷம் ஒரு திருநங்கையின் பெயரை நான் முன்மொழிந்தேன். எச்.ஐ.வி. உள்ளவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, வீட்டில் சேர்க்காதவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பது, ஆளில்லாமல் இறந்தால் காரியம் வரைக்கும் நின்று செய்வது என்று பல வருஷமாக உழைக்கிறவர். செயலவையில் பாதிப் பேர் 'நமக்கு எதற்கு வம்பு' என்கிறார்கள். மீதிப் பேர் 'கொடுக்கலாம், ஆனால் சமூக சேவகர் என்று மட்டும் போட்டுவிடுவோம், மற்றதைச் சொல்ல வேண்டாம்' என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

தம்பி, உங்கள் கடிதத்தில் செயலவை என்ன சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெண் என்ன சொன்னார் என்பது மட்டும் எங்கும் இல்லை. அவரிடம் யாராவது கேட்டீர்களா?

கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் ஊர் விழாக்களில் செய்வது மாதிரி 'சும்மா வாங்க' என்று கூப்பிட்டு, திடீரென்று மேடையில் ஏற்றி, படம் எடுத்து, அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் போடுகிற வேலை இங்கே கூடாது. ஏனென்றால் வெளியில் தெரிவதற்கு இந்த நாட்டில் விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுக்கப்போவது மன்றம் இல்லை, அவர்தான்.

உங்கள் பினாங்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2018 ஆகஸ்ட், ஜார்ஜ்டவுன் விழா. மலேசியர்கள் பலர் நாட்டுக் கொடியான ஜாலூர் கெமிலாங்கோடு நிற்கும் படங்களை வைத்து ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. அதில் இருந்த இரண்டு பேரின் படங்களை மட்டும் கழற்றச் சொன்னார்கள். ஒன்று நிஷா ஆயுப், திருநங்கைகளின் உரிமைக்காக உழைப்பவர். இன்னொன்று பாங் கீ தெய்க், கோலாலம்பூரில் 2008-இல் செக்சுவாலிடி மெர்டேகா என்ற பாலின, பாலியல் உரிமை விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். எல்.ஜி.பி.டி. (தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி முதலானோர்) நடவடிக்கைகளை ஊக்குவிப்பது அரசின் கொள்கைக்கு முரண் என்று அன்றைய சமய விவகார அமைச்சர் காரணம் சொன்னார். அப்போது அன்றைய பிரதமர் மகாதீரின் மகள் மரினா மகாதீர் என்ன செய்தார் தெரியுமா? அவருடைய படமும் அந்தக் கண்காட்சியில் இருந்தது, என் படத்தையும் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ பாராட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன், ஆனால் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காலிப் படச்சட்டம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்களே நேரில் போங்கள், செயலவையில் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு. அழைப்பிதழில் எந்தப் பெயர் போடுவது, படம் பத்திரிகைக்குப் போகலாமா, திருநங்கை என்று சொல்லலாமா வேண்டாமா, மூன்றையும் கேளுங்கள். 'சொல்லுங்கள், தெரியட்டும்' என்றால் சொல்லுங்கள். 'வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள்' என்றால் அப்படியே. உங்கள் செயலவையின் மீதிப் பாதி சொன்னதும் அதேதானே என்று கேட்பீர்கள். இல்லை தம்பி, ஒரு மனுஷி தன்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது வேறு, அவரை நாம் மூடி மறைப்பது வேறு. அவர் முஸ்லிம் என்றால் இன்னும் கவனமாக இருங்கள், பெண் உடை உடுத்துவதையே குற்றமாக்கும் பிரிவுகள் மாநில ஷரியா சட்டங்களில் இருக்கின்றன, ஒரு படம் போதும் அவருக்குத் தொந்தரவு வர.

மேடையில் அவரை மற்ற 6 பேரோடு ஒரே வரிசையில் உட்கார வையுங்கள். அதே மாலை, அதே பொன்னாடை, அதே கேடயம். 'மனிதநேய அங்கம்' என்று தனியாக ஒன்று வைத்து வயலின் சோக இசை போடாதீர்கள். 'இப்படிப் பிறந்தும்' என்ற சொல்லை அறிவிப்பாளர் தாளிலிருந்து முதலிலேயே அடித்துவிடுங்கள். எத்தனை வருஷமாக, எத்தனை பேருக்கு, என்ன செய்தார் என்று சொல்லுங்கள், மற்றவர்களுக்குச் சொல்வது மாதிரியே. கழிவறையும் யோசிக்க வேண்டிய விஷயம்தான், அவர் பெண்கள் பக்கம் போகும்போது வாசலில் யாரும் முறைக்காதபடி அந்தக் கூட்டிப்போன பெண் உறுப்பினர் பார்த்துக்கொள்ளட்டும்.

வம்பு என்று சொன்ன பாதிப் பேருக்கு ஒன்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பெயரைச் சொன்னாலே எல்லாரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்ட காலத்தில், 1987-இல் கோலாலம்பூரில் பிங்க் ட்ரையாங்கிள் என்ற அமைப்பைத் தொடங்கி அந்த வேலையை எடுத்தவர்கள் இந்த மக்கள்தான். இன்று அது பி.டி. ஃபவுண்டேஷன் என்ற பெயரில் நடக்கிறது. நீங்கள் முன்மொழிந்த பெண் அந்தப் பரம்பரையில் வருகிறவர். அவருக்கு மாலை போடுவதால் மன்றத்தின் பெயர் கெடாது.

கெப்போங்: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இவையெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி. விருது கொடுப்பதும் அமெரிக்காக்காரன்தான். நம் பண்பாட்டில் இது ஏது? அவர்கள் பாட்டுக்கு இருந்தால் யார் தடுத்தார்கள்? மேடையும் விருதும் எதற்கு?

ஐயா, வணக்கம். நீங்கள் தமிழாசிரியர் என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம், அதன் நாலாவது நூற்பா. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரை எந்தத் திணையில் வைக்கிறார் தொல்காப்பியர்? உயர்திணையில். அதே நூற்பாவில் அடுத்த வரியில் யார் வருகிறார்கள்? தெய்வம். கொஞ்சம் தள்ளி 12-ஆம் நூற்பாவுக்குப் போனால், அந்தப் பெயருக்கு ஆண்பால் வினைமுடிவு பொருந்தாது என்றே சொல்லிவிடுகிறார். அதாவது 'பேடி வந்தான்' என்று எழுதினால் பிழை. பிரிக்பீல்ட்ஸ் மேடையில் மைக்கைப் பிடித்து ஆண் பெயர் சொன்னவருக்கு நம் மொழியின் பழைய இலக்கணமே அன்று அனுமதி கொடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று பேடு என்பதை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை, கேலியும் இழிவும் பாடல்களில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இவர்கள் புதிதாக விமானத்தில் வந்து இறங்கியவர்கள் இல்லை.

இறக்குமதி எது என்று சொல்லட்டுமா? தன்பாலினத்தாரின் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு. 1860-இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு அது, அதே அச்சு 1870-களில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்தவர்கள் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய தன்னுடைய 377ஏ பிரிவை நீக்கியது. இங்கே இன்னும் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி என்று புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவனின் நாடே எப்போதோ விட்டுவிட்ட சட்டத்தை நாம் நம் பண்பாடு என்று தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்க விருது என்று நீங்கள் சொன்னது நிஷா ஆயுப்பைத்தான் என்று நினைக்கிறேன். 2016-இல் உலகத் துணிச்சல் மிக்க பெண்கள் விருது வாங்கினார், அந்த விருதை வாங்கிய முதல் திருநங்கை. ஆனால் ஐயா, கதை அங்கே தொடங்கவில்லை. 2000-இல் பெண் உடை உடுத்தியதற்காக அவர் பிடிபட்டு, ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே அவர் பட்டதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், நான் இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்தவர் ஒளிந்துகொள்ளவில்லை. 2010-இல் திலகா சுலதீரேவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ், கைதாகி நீதிமன்றம் போகிற திருநங்கைகளுக்குத் துணை நிற்பதற்கு. 2014-இல் சீட் ஃபவுண்டேஷன், தங்க இடமும் வேலைக்கு வழியும் இல்லாதவர்களுக்கு. அமெரிக்கா கண்டுபிடிக்கும் முன்னால் நம் ஊர்த் தெருவில் பல வருஷம் நடந்த வேலை அது. நாம் முதலில் கொடுத்திருந்தால் அவர் அவ்வளவு தூரம் போய் வாங்க வேண்டியிருக்காது.

'யார் தடுத்தார்கள்' என்று கேட்டீர்கள், இந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். நான் சொன்ன செக்சுவாலிடி மெர்டேகா விழா, பேச்சும் நாடகமும் பட்டறையுமாகச் சென்ட்ரல் மார்க்கெட் பக்கத்தில் நடந்த விழா, அதை 2011 நவம்பரில் போலீஸ் தடை செய்தது. அடையாள அட்டையில் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கைக்கு அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லி 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் திருநங்கைகள் பெண் உடை உடுத்துவதைக் குற்றமாக்கிய பிரிவு அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, மறு வருஷமே கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. 2023-இல் ஒரு கடிகாரத்தின் பட்டை வானவில் நிறத்தில் இருக்கிறது என்று கடைகளில் புகுந்து 172 கடிகாரங்களை அள்ளிப் போனார்கள், திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் மறு வருஷம் உத்தரவிட்டது.

அப்புறம் இன்னொன்று. 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். பள்ளி நாளிலிருந்தே 'பொண்டான்' (பெண்மை கொண்ட ஆணை இழிவாகச் சொல்லும் மலாய்ச் சொல்) என்று கேலி செய்யப்பட்ட பிள்ளை என்று அப்போது செய்திகளில் வந்தது. அவன் யாராக இருந்தான், யாரை விரும்பினான் என்பதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. ஒரு சொல்லை வகுப்பறையில் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதை, முப்பது வருஷம் வகுப்பறையில் நின்ற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடையும் விருதும் எதற்கு என்றால் அதற்குத்தான். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, தன்னைப் போன்ற ஒருவருக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

குளுகோர்: பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் இந்திய மாணவர் விழாவுக்கு நான்தான் அறிவிப்பாளர். எந்தச் சொல்லைச் சொல்வது என்றே தெரியவில்லை. தமிழில் எல்லாமே வசைச் சொல்லாகத்தானே இருக்கிறது?

இருந்தது, இப்போது அப்படியில்லை. திருநங்கை, திருநம்பி என்ற இரண்டு சொற்களும் நன்றாக ஊன்றிவிட்டன. ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ விரும்பினால் தன்பாலீர்ப்பாளர். பிறப்பிலேயே உடல் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காதவர் ஊடுபால் கொண்டவர். எல்லாரையும் சேர்த்துச் சொல்ல பால்புதுமையர் என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022-இல் இந்தச் சொற்களுக்கென்று ஒரு அகராதியையே அரசிதழில் வெளியிட்டது, சமூகத்து ஆட்களைக் கேட்டுச் செய்தது. மலாயில் மாக் ஞா என்பது 1980-களில் இங்குள்ள திருநங்கைகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், வசை இல்லை. 'ஒன்பது', 'அலி' இரண்டையும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. உனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தால் அவரிடமே 'உங்களை எப்படி அறிமுகப்படுத்தட்டும்?' என்று கேள். கேட்டதைத் தாளில் எழுதி வைத்துக்கொள், மேடைப் பதற்றத்தில் மறந்துவிடும்.

செந்தூல்: அக்கா, நான் திருநங்கை. 41 வயது. போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். எனக்கும் இரண்டு தடவை பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் கல்யாணக் கூட்டத்தில் ஆடக் கூப்பிட்டு, டாக்சிக் காசுக்குப் பதில் போர்த்திவிட்டார்கள். எனக்குப் பொன்னாடை வேண்டாம், வேலை கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டேன், இதற்கு மேல் நான் சேர்க்க அதிகம் இல்லை. ஆடக் கூப்பிடுகிறவர்கள், மேக்கப் போடக் கூப்பிடுகிறவர்கள், விழாவில் 'இரண்டு வார்த்தை பேசுங்க' என்று கூப்பிடுகிறவர்கள், எல்லாரும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே காசைக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே பேசி, அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 2008 ஏப்ரல் 15-இல் திருநங்கையருக்கென்று நலவாரியம் அமைத்தார்கள், அந்தத் தேதிதான் அங்கே திருநங்கையர் தினம். 2021-இலிருந்து வருஷத்துக்கு ஒரு சிறந்த திருநங்கை விருது, சான்றிதழோடு 1 லட்சம் ரூபாய். பணம் சேர்ந்து வருவதால் அது வெறும் துணியாக நிற்கவில்லை. அதைவிட முக்கியமானது பிரித்திகா யாஷினி வாங்கிய வேலை. விண்ணப்பத்தில் அவருக்கு இடமே இல்லை என்று தள்ளிவிட்டார்கள், நீதிமன்றம் போனார், 2015-இல் வென்றார், 2017-இல் சப் இன்ஸ்பெக்டர் சீருடையோடு நின்றார். அந்தச் சீருடைக்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு.

நீங்கள் ஆடுகிறவர் என்று எழுதியிருப்பதால் நர்த்தகி நடராஜைப் பற்றியும் சொல்கிறேன். மதுரைப் பிள்ளை, வீட்டில் இடமில்லாமல் வெளியே வந்தவர், பரதநாட்டிய ஆசான் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் போய் நின்று குருகுலமாகப் படித்தார். 2019-இல் பத்மஸ்ரீ, அந்த விருது பெற்ற முதல் திருநங்கை. நர்த்தகி என்ற பெயர் குரு வைத்தது. எனக்கென்னவோ பத்மஸ்ரீயைவிட அந்த நாள்தான் பெரியதாகத் தெரிகிறது. பெரிய வித்துவான் ஒருவர், வீட்டார் ஏற்றுக்கொள்ளாத ஒரு பிள்ளையைப் பார்த்து, நீ நர்த்தகி என்று சொன்ன நாள்.

செந்தூல், சௌக்கிட், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கடை, உணவகம், அழகு நிலையம், தையற்கடை நடத்துகிற வாசகர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இந்தச் சகோதரிக்கு ஆடத் தெரியும், தைக்கத் தெரியும், மூன்று மொழி பேசத் தெரியும்.

பங்சார்: நான் இளம் வழக்கறிஞர். எங்களால் மேடை போட்டு யாரையும் பாராட்ட முடியாது, வேலைக்கே சிக்கல் வரும். இந்த அமைப்புகளுக்கு எங்களைப் போன்றவர்கள் எப்படி மரியாதை செய்வது?

உங்கள் தொழிலே பதில். மேலே சொன்ன நெகிரி செம்பிலான் வழக்கைப் போட்ட மூன்று திருநங்கைகளுக்காக நின்றவர் ஆஸ்டன் பைவா என்ற வழக்கறிஞர். சிங்கப்பூரில் 2010-இல் 377ஏ-வை எதிர்த்து ஒருவருக்காக வழக்குப் போட்டவர் நம் தமிழர், எம். ரவி. இரண்டு வழக்கும் கடைசியில் தோற்றன. ஆனால் சிங்கப்பூரில் ரவி தோற்ற வழக்கின் மேல் அடுத்தவர் ஏறி நின்றார், அவர் மேல் இன்னொருவர், 2022-இல் சட்டமே போயிற்று. பேர் வெளியே வராமல் செய்ய விரும்பினால் இலவச ஆலோசனைக்கு மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள், அல்லது சம்பளம் வந்ததும் ஒரு 50 வெள்ளி (ரிங்கிட்) தானாகப் போகிற மாதிரி வைத்துவிடுங்கள், வாடகைக்கும் மருந்துக்கும் அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் காசு வேண்டும். இன்னொரு வேலையும் இருக்கிறது, யாரும் செய்வதாகத் தெரியவில்லை. இங்கே தமிழ்த் திருநங்கைகளில் மூத்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து எப்படி வந்தார்கள், யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அவர்கள் சம்மதித்தால் போய் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்யுங்கள்.

ஸ்தாப்பாக்: அக்கா, எனக்கு 58 வயது. என் மகனுக்கு 27. மூன்று வருஷம் முன்னால், தான் ஆண்களைத்தான் விரும்புவதாக எங்களிடம் சொன்னான். அன்றிலிருந்து அவன் அப்பா அவனோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் வீட்டை விட்டுப் போகவும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொண்டூழியம் செய்கிறான். போன மாதம் அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எங்கள் ஷோகேஸில் அவன் தேவாரப் போட்டியில் வாங்கிய கோப்பையிலிருந்து எல்லாம் இருக்கிறது. இதையும் வைத்தேன். 'வர்றவன் போறவன் எல்லாம் படிப்பான்' என்று அவர் எடுத்துவிட்டார். இப்போது அது என் புடவை அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. மகன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

என்னை அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், வயதைப் பார்த்தால் நீங்கள்தான் எனக்கு அக்கா. உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்தது வேண்டுமென்றேதான், இந்த மாதம் வந்ததில் நான் அதிகம் தடவை படித்தது இதுதான்.

முதலில் உங்கள் மகன் செய்கிற வேலை என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பரிசோதனைக்கு வருகிறவன் வீட்டில் சொல்லாமல் வந்திருப்பான், கை நடுங்கும், முடிவு வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த நேரத்தில் எதிரில் உட்கார்ந்து, என்ன வந்தாலும் மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நீ வயதாகி வாழலாம் என்று முகம் பார்த்துச் சொல்கிறவன் உங்கள் பிள்ளை. ஓய்வெடுக்க வேண்டிய சனிக்கிழமையில் போய் அதைச் செய்கிறான். தேவாரம் பாடி வாங்கிய கோப்பைக்கு இது எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.

உங்கள் வீட்டுக்காரரை நான் திட்டப் போவதில்லை. போகச் சொல்லாத மனுஷர் அவர். அவர் சொன்னதைத் திரும்பப் படித்தேன், மகனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, வருகிறவர்கள் படிப்பார்களே என்றுதான் பயப்படுகிறார். பயத்தோடு பேசிப் பார்க்கலாம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு இளம்பெண்கள், ஒருவரை ஒருவர் விரும்பி மதுரையிலிருந்து ஓடிவந்தவர்கள், பாதுகாப்புக் கேட்டார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். இவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று வைத்தியம் செய்வதையே தடை செய்தார். ஒரு நீதிபதி கற்றுக்கொள்ளலாம் என்றால் உங்கள் வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ளலாம், உங்களுக்கு மூன்று வருஷம் ஆனது, அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆகட்டும். இதற்கிடையில் சொந்தக்காரர்கள் யாராவது சாமியாரிடம் காட்டலாம், போமோவிடம் (மலாய் மந்திரவாதி) காட்டலாம் என்று வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். தன்பாலீர்ப்பு நோய் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து 1990 மே 17-ஆம் தேதியே எடுத்துவிட்டது.

ஒன்று மட்டும் மாற்றிச் செய்யுங்கள். ஷோகேஸில் வைப்பதற்கு முன்னால் மகனிடம் கேட்டீர்களா? எழுதவில்லை. அது அவன் கேடயம் அல்லவா? ராத்திரி அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'தம்பி, இதை எங்கப்பா வைக்கட்டும்?' என்று கேளுங்கள். வேண்டாம்மா, என் அறையில் இருக்கட்டும் என்று சொன்னாலும் சொல்லலாம். உங்கள் அம்மா வீட்டுச் சனங்கள் தீபாவளிக்கு வந்து கேள்வி கேட்பதை அவனே விரும்பாமல் இருக்கலாம். ஆனால் அம்மா அதை வெளியில் வைக்க ஆசைப்பட்டாள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். ஷோகேஸில் வை என்று சொன்னால், வருகிறவர்கள் கேட்கும்போது 'சனிக்கிழமை தொண்டூழியம் செய்றான், அதுக்குக் கொடுத்தது' என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மறுபடி எடுத்தால் சண்டை போடாதீர்கள், அதில் எழுதியிருப்பதை மட்டும் ஒரு தடவை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் எடுத்து வைத்தாரே தவிர, இன்னும் அதைப் படித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை துணிக்கு அடியில் வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள், அங்கிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். அவன் பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள்.